மெத்தைக் கடைக்குப் போகுமுன்: உடம்பு, அறை, கட்டில் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள்

மெத்தை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளங்கையால் இரண்டு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கைக்குத் தெரிவது மேல் துணியோடு சேர்த்துத் தைத்த ஓரங்குல மென்மை மட்டும்தான். பல வருடம் முதுகைத் தாங்கப்போவது அதற்குக் கீழே இருக்கும் அடுக்குகள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி (அடர்த்தி) என்று கேட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. அப்படிக் கேட்பதற்கு முன் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியவை மூன்று. அந்த மெத்தையில் யார் எப்படிப் படுப்பார்கள்? அறை எவ்வளவு சூடு? கட்டிலின் உள்ளளவு என்ன?

படுக்கிற விதம்

ஒருக்களித்துப் படுப்பவரின் எடை தோள்பட்டையிலும் இடுப்பு எலும்பிலும் குவிகிறது. அந்த இரண்டு இடமும் கொஞ்சம் உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக இருக்கும். மெத்தை இறங்கிக் கொடுக்காவிட்டால் தோள் வலிக்கும், கை மரத்துப்போகும், தூக்கத்திலேயே புரண்டுகொண்டிருப்பார். இவர்களுக்கு அடியில் உறுதியும் மேலே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மென்மையும் உள்ள மெத்தை வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தர உறுதி போதும். குப்புறப் படுப்பவருக்கு மெத்தை மென்மையாக இருந்தால் வயிறு உள்ளே போய் இடுப்பு பின்பக்கமாக வளைந்து நிற்கும். காலையில் கீழ்முதுகு பிடித்துக்கொள்வதற்கு அதுவே காரணம். அவர்கள் உறுதியான மெத்தையும் மிக மெல்லிய தலையணையும் வாங்கலாம்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். 50 கிலோ உள்ளவர் "உறுதி" என்று உணரும் அதே மெத்தை, 90 கிலோ உள்ளவருக்கு "மெத்து" என்று இருக்கும். கணவன் மனைவி இருவருக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் எடை கூடியவருக்குப் பொருந்துகிற மெத்தையை எடுத்து, மற்றவர் பக்கத்தில் மட்டும் மேலே விரிக்கும் மெல்லிய மெத்தை போடுவது நல்லது. இரண்டு தனி மெத்தைகளை அடுத்தடுத்துப் போடுவது இன்னும் நல்லது.

முதுகுவலி என்றாலே பலகையில் படு, கல்லுமாதிரி மெத்தை வாங்கு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரில் ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுக்கையில் இருக்கும்போது வரும் வலியும், எழும்போது வரும் வலியும், அன்றாட வேலையில் உள்ள சிரமமும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. "ஆர்த்தோ" என்று உறையில் அச்சடித்திருப்பதால் மட்டும் ஒரு மெத்தை முதுகுக்கு நல்லதாகிவிடாது. பல கடைகளில் அந்தப் பெயருக்கு "மிகக் கடினம்" என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. காலுக்கு இறங்குகிற வலியோ மரத்துப்போதலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அறையின் சூடு

ஏசி இல்லாத அறையில், மே மாத இரவில், கான்கிரீட் மாடி பகலில் வாங்கிய சூட்டை விடியும் வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும் மெத்தை தூக்கத்தைக் கெடுக்கும். மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும் தன்மை கொண்டது. ஏசி கடையில் நிதானமாக இறங்கிய அதே மெத்தை, மாடி வீட்டு அறையில் வழக்கத்தைவிட அதிகமாகப் புதையும், முதுகுப்பக்கம் காற்றே போகாது. ஏசி இல்லாத வீட்டுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. "ஜெல்" சேர்த்தது என்று சொல்வார்கள். படுத்தவுடன் தெரியும் குளிர்ச்சி சிறிது நேரத்தில் உடல் சூட்டுக்குச் சமமாகிவிடும்.

காற்று நன்றாகப் போவது ஸ்பிரிங், காயர் (தேங்காய் நார்), துளையிட்ட லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்) ஆகியவற்றில். இலவம்பஞ்சும் சூடு தேக்காது. இது தவிர, வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை "அழுக்காகாமல் இருக்கட்டும்" என்று அப்படியே விட்டு மேலே விரிப்பு போடுகிற வீடுகள் நிறைய. வியர்வை உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் தங்கி, உறைக்கும் துணிக்கும் நடுவே பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். பிளாஸ்டிக்கை முதல் நாளே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

இலவம்பஞ்சு மெத்தைக்கு நம் ஊரில் தனி இடம் உண்டு. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. இலவ இழை உள்ளே வெற்றிடமான குழல். மேலே மெழுகுப் பூச்சு இயற்கையாகவே இருக்கும். அதனால்தான் எடை குறைவு, ஈரம் எளிதில் ஒட்டாது. கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்கும் இதே குணம் உதவும். ஒரு பிடிப் பஞ்சை எடுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுங்கள். இலவம்பஞ்சு நனையாமல் மிதந்துகொண்டே இருக்கும். பருத்தியும் மில் கழிவும் சீக்கிரமே ஊறி அமிழும். கையில் உருட்டிப் பார்த்தால் நல்ல பஞ்சு வழுக்கும், பளபளப்பாக இருக்கும். விதையும் நெற்றுத் துணுக்கும் தட்டுப்படக்கூடாது. மெத்தை தைக்கக் கொடுக்கும்போது பஞ்சைக் கண்முன்னே எடை போட்டு அடைக்கச் சொல்லுங்கள். துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணிழை வெளியே வந்து தும்மல் கொடுக்கும். ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த மெத்தையைத் தவிர்ப்பது நல்லது.

இதன் குறை, இழை குட்டையாகவும் எளிதில் உடைவதாகவும் இருப்பதால் எடை விழும் இடம் அமுங்கித் தட்டையாகிவிடும். மாதம் இரண்டு முறை வெயிலில் காயவைத்துத் தட்டினால் ஓரளவு எழும்பும். ஒன்றிரண்டு வருடத்தில் பிரித்துப் பஞ்சை உதறி, குறைந்ததைச் சேர்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான மெத்தை இல்லை. இல்லாதவர்களுக்கு இது வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கொசுவத்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது.

காயர் மெத்தை என்று கடையில் விற்பது தேங்காய் நாரைச் சுருளாக்கி ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்தது. உறுதியானது, காற்றோட்டமானது, விலை மலிவானது. தனியாக நாலங்குலக் காயர் வாங்கினால் ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் வலிக்கும். மேலே ஓரங்குலம் நல்ல ஃபோமோ லேடெக்ஸோ உள்ளதாக எடுங்கள். நாளடைவில் ரப்பர் பிடிப்பு விட்டு நார் நொறுங்கும். விரிப்பை உதறும்போது பழுப்பு நிறத் தூள் கொட்ட ஆரம்பித்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். காயரையும் ஸ்பிரிங்கையும் மடிக்கக் கூடாது. ஒருமுறை மடித்தால் அந்த மடிப்பிலேயே குழி விழும்.

ஃபோமில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது கடினத்தின் அளவு கிடையாது. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, 20-இல் விறைப்பான ஃபோமும் உண்டு. டென்சிட்டி சொல்வது எத்தனை நாள் உழைக்கும் என்பதை. தினமும் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் குறையாமல் வாங்குங்கள். எடை கூடியவர்களுக்கு 40. இதற்குக் கீழே உள்ளவை எப்போதோ வரும் விருந்தாளிக்குச் சரி, தினமும் படுத்தால் சீக்கிரம் குழி விழும்.

விற்பவர் சொல்வது உண்மையா என்று எடை போட்டே பார்த்துவிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். 75 × 60 × 6 மெத்தை என்றால் 27,000-ஐ 61,000-ஆல் வகுக்க, சுமார் 0.44. முழுக்க 32 டென்சிட்டி ஃபோம் என்றால் சுமார் 14 கிலோ, 40 என்றால் 17-18 கிலோ இருக்க வேண்டும். உறைக்கு ஒன்றிரண்டு கிலோ தனி. உறையோடு சேர்த்தே பத்துக் கிலோதான் வருகிறது என்றால், அட்டையில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கு ஒரே வகை ஃபோமால் ஆன மெத்தைக்கு மட்டும் பொருந்தும். ரீபாண்டட் என்பது ஃபோம் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. அதன் டென்சிட்டி 80, 100 என்று இருக்கும். "நூறு டென்சிட்டி" என்று சொல்லி விற்றால் அது பெரும்பாலும் இதுதான். அடியடுக்காக இருக்கத் தகுதியானது. 40 டென்சிட்டி புது ஃபோமைவிட இரண்டரை மடங்கு உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜிப் உள்ள உறையாக இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல நிறத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் ரீபாண்டட், ஒரே நிறத்தில் சீரான நுண்துளை இருந்தால் புது ஃபோம்.

லேடெக்ஸ் விலை அதிகம், உழைப்பும் அதிகம். அழுத்தினால் உடனே எழும்பும், மெமரி ஃபோம் போலப் புதையாது, துளைகள் வழியாகக் காற்று போகும். முழு லேடெக்ஸா, ஓரங்குல லேடெக்ஸ் வைத்த காயரா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எடை கனமானது: 78 × 72 அளவில் ஆறங்குலம் என்றால் 40 கிலோவைத் தாண்டும், விரிப்பு மாற்றத் தூக்குவதே ஒரு வேலை. நேரடி வெயிலில் காயவைத்தால் ரப்பர் வெடித்துப் பொடியாகும். நிழலில் காற்றாட வையுங்கள்.

ஸ்பிரிங்கில் இரண்டு வகை. பானல் ஸ்பிரிங் எல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்தது. ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆட்டம் தெரியும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித் துணிப்பையில் இருப்பதால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பகல் வேலை, இரவு வேலை என்று வெவ்வேறு நேரத்தில் படுக்கும் தம்பதிக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கடலோரத்தில் கம்பி துருப்பிடிக்கும். ஈரம் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் கட்டிலும்

தச்சர்கள் "ஆறேகாலுக்கு அஞ்சு" என்பது கடைக்காரர் சொல்லும் 75 × 60. "ஆறரைக்கு ஆறு" என்பது 78 × 72. வீட்டில் மிக உயரமானவரின் உயரத்தோடு ஆறு அங்குலம் சேருங்கள். அதுதான் குறைந்தபட்ச நீளம். ஐந்தடி பத்தங்குலம் உள்ளவருக்கு 76 வேண்டும், ஆகவே 78 எடுக்க வேண்டும். அகலத்தில் 60 என்றால் ஆளுக்கு 30 அங்குலம், நடுவே குழந்தை படுக்கும் வீட்டில் 72-க்குக் குறைந்தால் யாரோ ஒருவர் விளிம்பில்தான் தூங்குவார்.

கட்டில் ஏற்கெனவே இருந்தால் வெளிப்பக்கத்தை அளக்காமல், சட்டத்துக்கு உள்ளே அளங்கள். இரண்டு முனை, நடு என்று மூன்று இடத்தில் அளந்து குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி செய்த கட்டிலில் அரை அங்குல வித்தியாசம் சாதாரணம். மெத்தையைவிட உள்ளளவு அரை முதல் ஓரங்குலம் கூடுதலாக இருந்தால்தான் விரிப்பைச் செருக முடியும். மாடிப்படி, லிப்ட், அறைக் கதவு மூன்றின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மடிக்க முடியாத 72 அங்குல மெத்தை குறுகலான படித் திருப்பத்தில் நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு 36 அங்குல மெத்தைகள் வாங்குவதே வழி.

உயரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, முழங்கால் மடிப்பின் பின்புறத்திலிருந்து தரை வரை அளங்கள். மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் அதைவிட ஓரிரு அங்குலம் மட்டுமே கூடலாம், உட்காரும்போது மெத்தை அவ்வளவு அமுங்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்தினால் எழுந்திருக்க எளிது. பத்தங்குல மெத்தையை வாங்கி ஏற்கெனவே 18 அங்குலம் உள்ள பழைய கட்டிலில் போட்டால் பாட்டியின் கால் அந்தரத்தில் தொங்கும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

மெத்தை குழி விழுந்துவிட்டது என்று வரும் புகார்களில் பாதிக் குற்றம் கட்டிலுடையதாக இருக்கும். கீழே பலகைச் சட்டங்கள், அதாவது ரீப்பர், மூன்றங்குல அகலத்தில் இருக்க வேண்டும். இடைவெளி இரண்டரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோம் அந்த இடைவெளியில் இறங்கும். ஐந்தடி அகலத்துக்கு மேல் என்றால் நடுவே ஒரு நீளச் சட்டமும் அதற்குத் தரையைத் தொடும் காலும் கட்டாயம். பிளைவுட் போட்டால் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கீழே ஓரடிக்கு ஒரு குறுக்குச் சட்டத்தோடு போடுங்கள். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் பலகை முழுக்க மூடியிருக்கும், ஆகவே முக்கால் அங்குலத் துளைகளை முக்காலடிக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்காது. நாடாக் கட்டிலிலும் கயிற்றுக் கட்டிலிலும் தடித்த ஃபோம் மெத்தை போடக் கூடாது. அவற்றுக்கு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையோ ஜமுக்காளமோதான் பொருத்தம்.

மரத்தில் தேக்கு, வேங்கை நீண்ட நாள் இருக்கும். மாமரம் மலிவு, ஆனால் சீக்கிரம் உளுக்கும். ரப்பர் மரம் மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த கட்டிலைத் தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் போட்டால் கால் அடிப்பகுதி ஊறிப் பருத்துவிடும். காலுக்கு ரப்பர் புஷ் போட்டு ஓரங்குலம் தூக்குங்கள். இரும்புக் கட்டிலில் கிறீச் சத்தம் வருவது பெரும்பாலும் போல்ட் தளர்வதால்தான். மாட்டிய ஒரு மாதத்தில் மறுபடி முடுக்கி, ஸ்பிரிங் வாஷர் போட்டால் நின்றுவிடும்.

கடையில்

சாப்பிட்ட கையோடு அவசரமாகப் போகாதீர்கள். படுக்கப்போகிற இருவரும் சேர்ந்து போங்கள், வீட்டுத் தலையணையை எடுத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்குகிற அதே நிலையில் பத்து நிமிடம் படுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, வருடக்கணக்காக அதில்தான் படுக்கப்போகிறீர்கள்.

மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய் இடம் மிச்சமிருந்தால் மெத்தை கடினம். நுழையவே திணறினால் மென்மை அதிகம். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. பிறகு ஒருக்களித்துப் படுங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். போனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசியாக விளிம்பில் உட்காருங்கள். சரிந்து விழுவதுபோல் இருந்தால் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

பில்லில் அடுக்கு வாரியாகப் பொருளும் தடிமனும் டென்சிட்டியும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதச் சீட்டில் பத்து வருடம் என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, எத்தனை அங்குலக் குழிக்கு மாற்றித் தருவார்கள் என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள். கறை படிந்தாலோ சரியான கட்டிலில் போடாவிட்டாலோ உத்தரவாதம் போய்விடும் என்று பலர் எழுதியிருப்பார்கள். இணையத்தில் 100 நாள் சோதனை என்று வாங்கினால், திருப்பி எடுக்க வரும் செலவு யாருடையது, உங்கள் ஊர் பின்கோடுக்கு வருவார்களா என்பதை முன்பே கேளுங்கள்.

கைக்குழந்தைக்கு மட்டும் விதி வேறு. சமமான, உறுதியான பரப்பு, இறுக்கமான விரிப்பு, மல்லாத்திப் படுக்கவைத்தல். முகம் புதையும் மென்மையான மெத்தையும் தலையணையும் மூச்சைத் தடுக்கும் ஆபத்து கொண்டவை. படுத்த படுக்கையான நோயாளிக்கு எவ்வளவு விலையுள்ள சாதாரண மெத்தையும் படுக்கைப் புண்ணைத் தடுக்காது. மாறி மாறிக் காற்று நிரம்பும் ஏர் பெட்டும், அடிக்கடி திருப்பிப் படுக்கவைப்பதும் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு

சுருட்டி வந்த மெத்தையைப் பிரித்து, ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு நாள் விடுங்கள்; வாடையும் போகும், முழு உயரமும் வரும். புது மெத்தை முதல் சில வாரம் வேறுமாதிரி இருக்கும், உடம்பும் பழகவேண்டும். ஒரு மாதம் ஆன பின்னும் வலி குறையவில்லை என்றால் மெத்தையைக் குறை சொல்லுமுன் தலையணையை மாற்றிப் பாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது சுமார் நான்கைந்து அங்குலம், தலையணை அமுங்கிய பிறகும் இருக்க வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு மூன்று போதும்.

தண்ணீர் இறங்காத உறையை மெத்தைக்கு மேலே, பருத்தி விரிப்பை அதற்கு மேலே போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்புங்கள். இருபக்கமும் ஒரே மாதிரி உள்ள காயரை அடிமேலாகவும் புரட்டலாம். மேலே மட்டும் மென்மை உள்ள மெத்தையைப் புரட்டக் கூடாது. விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும். மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறவர்கள் காலையில் சுவரில் சாய்த்து நிறுத்தாவிட்டால் அடியில் ஈரம் தேங்கும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, விரிப்பை எடுத்துவிட்டு மெத்தைக்குக் குறுக்கே நேரான விளக்குமாற்றுக் கம்பையோ நீளமான அளவுகோலையோ வையுங்கள். ஆள் இல்லாதபோதே கம்புக்கும் மெத்தைக்கும் நடுவே ஓரங்குலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால், முதலில் கீழே ரீப்பர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மெத்தையைத் தரையில் போட்டு இன்னொரு முறை அளங்கள். தரையில் பள்ளம் மறைந்தால் செலவு ஆசாரிக்கு, மறையாவிட்டால் மெத்தைக்கு.